போன் போனாலும் உள்ளே இருந்தது போகாமல் இருக்க: ஆண்ட்ராய்டு பேக்கப் முழு வழிகாட்டி

2024 கார்த்திகையில், மாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்த்த அம்மாவின் கையிலிருந்து போன் நழுவி உள்ளே விழுந்தது. வெளியே எடுக்கப் பத்து நிமிடம் ஆனது. சர்வீஸ் கடையில் ‘போர்டு போச்சுங்க’ என்றார்கள். புது போன் வாங்கி அம்மாவின் கணக்கைப் போட்டதும் படங்கள் வந்தன, நம்பர்கள் வந்தன. நிம்மதியாக இருந்தோம். இரண்டு நாள் கழித்து அம்மா கேட்டார், “அப்பா பேசி அனுப்பினது எதையும் காணோமே?”

அதற்கு மூன்று மாதம் முன்புதான் அப்பா தவறியிருந்தார். அவருக்கு டைப் செய்ய வராது, எல்லாமே வாய்ஸ் மெசேஜ்தான். பேக்கப்போ எட்டு மாதத்துக்கு முன்பே நின்றுபோயிருந்தது. கணக்கில் இடம் நிரம்பிவிட்டது என்று அறிவிப்பு வந்துகொண்டே இருந்திருக்கிறது. அம்மா அதை விரலால் தள்ளிவிட்டிருக்கிறார், பிள்ளைகள் நாங்களும் எடுத்துப் பார்க்கவில்லை. அப்பாவின் கடைசி ஐந்து மாதக் குரலில், அம்மா அக்காவுக்கு ஃபார்வேர்டு செய்திருந்த மூன்று மட்டும் மிஞ்சின.

பேக்கப் ஆன் ஆகியிருக்கிறது என்பது வேறு, பேக்கப் இருக்கிறது என்பது வேறு. வேறொரு கருவியில் அதைத் திறந்து பார்த்த பிறகுதான் இரண்டாவதைச் சொல்ல முடியும். கீழே உள்ள ஒவ்வொரு படியையும் அந்தக் கண்ணோடு எழுதியிருக்கிறேன். ஆண்ட்ராய்டு போன்களை வைத்துச் சொல்கிறேன். சாம்சங், ரெட்மி, விவோ என்று ஒவ்வொன்றிலும் மெனுவின் பெயர் கொஞ்சம் மாறும். கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் ‘பேக்கப்’ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

முதலில் ஒன்று. போன் கெட்டாலும் ‘மெமரி ஐசியை, அதாவது தரவு பதியும் சிப்பை, கழற்றி வேறு போர்டில் போட்டு எடுத்துவிடலாம்’ என்று நம்பியிருக்காதீர்கள். ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்கள் தொடங்கி எல்லாவற்றிலும் உள்ளிருக்கும் தரவு பூட்டப்பட்ட வடிவில்தான் பதிகிறது. பூட்டைத் திறக்கும் சாவி அதே போர்டில் உள்ள சிப்போடு பிணைந்தது. மெமரியை மட்டும் தனியே எடுத்தால் கிடைப்பது அர்த்தமற்ற எழுத்துக் குவியல். அதே போர்டையே பழுது பார்த்து உயிர்ப்பித்தால்தான் வழி உண்டு. ஆகவே நனைந்த போனைச் சார்ஜில் போடாதீர்கள். ரீசெட், அதாவது உள்ளதை எல்லாம் அழித்துப் புதிது போலாக்குவது, செய்து பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.

படி 1: ஒரு தாளில் எழுதுங்கள்

எந்த ஆப் நல்லது என்பதைப் பிறகு பார்க்கலாம். போன் இந்த நிமிடம் கிணற்றில் விழுந்தால் எதற்காக அழுவீர்கள் என்பதை முதலில் எழுதுங்கள். பணம் அந்தப் பட்டியலில் வராது. யுபிஐ செயலியில் பணம் இருப்பதில்லை, அது வங்கியில் இருக்கிறது. அதே சிம்மைப் புது போனில் போட்டு மறுபடி பதிவு செய்துகொள்ளலாம். டிஜிலாக்கரில் உள்ள ஓட்டுநர் உரிமமும் அப்படித்தான், உள்ளே நுழைந்தால் திரும்ப வரும்.

திரும்ப வராதவை வேறு. குழந்தையின் முதல் நடை வீடியோ, வாய்ஸ் மெசேஜ், கால் ரெக்கார்டிங், போனோடு வந்த நோட்ஸ் ஆப்பில் எழுதிய சீட்டுக் கணக்கு, வாடிக்கையாளர் அளவுகளை எழுதிய தையல் கடைக் குறிப்பு. கால் ரெக்கார்டிங்கையும் நோட்ஸையும் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள். பல போன்களில் இவை தானாக எங்கும் ஏறுவதில்லை. நோட்ஸை கூகுள் கீப்புக்கு மாற்றிவிடுவது எளிது, எழுதியது உடனே கணக்கில் ஏறிவிடும்.

படி 2: கணக்கு யாருடையது?

நம் வீடுகளில் பெரியவர்களின் போனில் இருப்பது பெரும்பாலும் போன் வாங்கிய அன்று கடைப் பையன் போட்டுக் கொடுத்த ஜிமெயில். கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. மீட்பு எண் என்ற இடத்தில் எப்போதோ ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம்மின் எண் இருக்கும். எவ்வளவு பேக்கப் எடுத்தாலும் இந்தக் கதவு திறக்காவிட்டால் பயனில்லை. அதனால் இந்தப் படியை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

1. செட்டிங்ஸில் கூகுள் என்பதைத் தொட்டு, ‘மேனேஜ் யுவர் கூகுள் அக்கவுண்ட்’, பிறகு ‘செக்யூரிட்டி’ என்று போங்கள்.
2. கடவுச்சொல் தெரியாவிட்டால் இப்போதே மாற்றுங்கள். போன் உயிரோடு கையில் இருக்கும்போது மாற்றுவது எளிது, அதன் ஸ்கிரீன் லாக்கே பெரும்பாலும் அடையாளச் சான்றாக உதவும்.
3. மீட்பு எண்ணாக வீட்டில் இன்னொருவரின் எண்ணையும், மீட்பு மின்னஞ்சலாக உங்களுடையதையும் கொடுங்கள்.
4. கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பை ஆன் செய்து, போன் கையில் இல்லாதபோது அந்தச் சான்றாக உதவும் ‘பேக்கப் கோட்ஸ்’ எடுங்கள். எட்டு இலக்கங்கள் கொண்ட பத்து எண்கள் வரும். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். தாளில் எழுதி ரேஷன் கார்டு வைக்கும் பைலில் வையுங்கள். போனில் ஸ்கிரீன்ஷாட்டாக வைத்தால் போனோடு அதுவும் போய்விடும்.

இறந்தவரின் கணக்கில் படங்கள் இருந்தால் அவற்றை இறக்கிவிடுங்கள். இரண்டு ஆண்டுகள் யாரும் நுழையாத தனிநபர் கணக்கை நீக்கும் உரிமையைக் கூகுள் வைத்திருக்கிறது. 2023 டிசம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. மொத்தமாக இறக்க ‘கூகுள் டேக்அவுட்’ என்ற சேவை உண்டு. கேட்டால் எல்லாவற்றையும் கட்டாகக் கட்டி இணைப்பு அனுப்பும். அந்த இணைப்பு ஒரு வாரம்தான் உயிரோடு இருக்கும்.

படி 3: நம்பர்கள்

கான்டாக்ட்ஸைத் திறந்து ஐந்தாறு பெயர்களைத் தொட்டுப் பாருங்கள். எதில் சேமித்திருக்கிறது என்று காட்டும்: சிம், போன், கூகுள். முதல் இரண்டில் இருப்பவை ஆபத்தில் இருப்பவை. சிம்மில் பொதுவாக 250 பெயர்கள்தான் கொள்ளும், தமிழில் எழுதிய பெயர்களைப் பாதியில் வெட்டியும்விடும். எல்லாவற்றையும் கூகுளுக்கு இம்போர்ட் செய்துவிட்டு, இனிமேல் சேமிப்பவை கூகுளுக்கே போகும்படி ‘டீஃபால்ட் அக்கவுண்ட்’ மாற்றுங்கள். அதோடு ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்தால் எல்லா நம்பரும் ஒரே விசிஎஃப் கோப்பாக வரும். அதை உங்களுக்கே மெயிலில் அனுப்பிக்கொள்ளுங்கள். கூகுளில் தெரியாமல் மொத்தத்தையும் அழித்துவிட்டால், முப்பது நாட்களுக்குள் பழைய நிலைக்குத் திருப்பும் வசதி கூகுள் கான்டாக்ட்ஸில் இருக்கிறது.

படி 4: போனின் சொந்த பேக்கப்

செட்டிங்ஸ், கூகுள், பேக்கப் என்று போய் ‘பேக்கப் நவ்’ தொடுங்கள். ஆப் பட்டியல், சில ஆப்களின் தரவு, எஸ்எம்எஸ், கால் ஹிஸ்டரி, வைஃபை கடவுச்சொற்கள் போன்றவை ஏறும். இதைப் பற்றி மூன்று செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். போனை 57 நாட்கள் பயன்படுத்தாமல் விட்டால் இந்த பேக்கப் அழிந்துவிடும். ஆகவே உடைந்த போனை அலமாரியில் வைத்துவிட்டு ‘பிறகு வாங்கிக்கொள்ளலாம்’ என்று இருக்க முடியாது. இரண்டாவது, ஆண்ட்ராய்டு 9 முதல் இந்த பேக்கப்பைத் திறக்கப் பழைய போனின் ஸ்கிரீன் லாக் பின் அல்லது பேட்டர்ன் தேவை. விரல் ரேகையையே பழகியவர்களுக்கு பின் மறந்திருக்கும். தாளில் அதையும் எழுதுங்கள். மூன்றாவது, புதிய ஆண்ட்ராய்டில் எடுத்த பேக்கப் அதைவிடப் பழைய ஆண்ட்ராய்டு ஓடும் போனில் இறங்காது.

படி 5: படங்கள்

கூகுள் போட்டோஸில் பேக்கப்பை ஆன் செய்தால் கேமரா படங்கள்தான் ஏறும். வாட்ஸ்அப்பில் வந்த படங்கள், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் தனித்தனி ஃபோல்டர்கள். ‘பேக்கப் டிவைஸ் ஃபோல்டர்ஸ்’ என்ற இடத்தில் வேண்டியதை நீங்களே ஆன் செய்ய வேண்டும். திருமண ஆல்பம் வாட்ஸ்அப்பில்தான் வந்தது என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள். எல்லா வாட்ஸ்அப் படங்களையும் ஏற்ற வேண்டாம், காலை வணக்கப் படங்களே இடத்தை விழுங்கிவிடும்.

இடம் 15 ஜிபி இலவசம். மெயில், கோப்புகளை வைக்கும் டிரைவ், போட்டோஸ் மூன்றும் அதே இடத்தைப் பங்கு போடுகின்றன. 2021 ஜூன் 1 வரை ‘உயர் தரம்’ என்ற அளவில் ஏற்றிய படங்கள் இந்த 15 ஜிபி அளவில் சேரவில்லை. அதன் பிறகு ஏற்றுபவை சேர்கின்றன. ‘ஸ்டோரேஜ் சேவர்’ தேர்ந்தெடுத்தால் படங்கள் 16 மெகாபிக்சலுக்கும் வீடியோ 1080பி-க்கும் சுருக்கப்பட்டு இடம் மிச்சமாகும். வீட்டு உபயோகத்துக்கு அதுவே போதும் என்பது என் கருத்து.

இங்கேதான் பலர் கை தவறுகிறார்கள். ‘மேலே ஏறிவிட்டதே’ என்று போட்டோஸ் ஆப்புக்குள்ளேயே படத்தை அழித்தால், மேலே இருப்பதும் சேர்ந்தே அழியும். அது நகல் எடுத்து வைக்கும் பெட்டி அல்ல, இரண்டு பக்கமும் ஒன்றையே காட்டும் கண்ணாடி. போனில் மட்டும் இடம் பிடிக்க வேண்டுமென்றால் ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ பயன்படுத்துங்கள். மேலே ஏறியதை உறுதி செய்த பிறகுதான் அது போனில் உள்ளதை அழிக்கும். தெரியாமல் அழித்துவிட்டால், ஏற்கெனவே ஏறியிருந்த படம் 60 நாட்கள் குப்பைத் தொட்டியில் இருக்கும். ஏறாதது என்றால் 30 நாட்கள்தான். படங்களைத் தனியே பூட்டி வைக்கும் ‘லாக்டு ஃபோல்டர்’ வைத்திருப்பவர்கள் அதற்கான பேக்கப்பைத் தனியே ஆன் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் போன் ரீசெட் ஆகும்போது அதில் உள்ளவை போய்விடும்.

இதனால்தான் இரண்டாவது நகல் கையில் இருக்க வேண்டும் என்கிறேன். பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு: மூன்று நகல்கள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறு இடத்தில். போன், கூகுள், வீட்டு ஹார்ட் டிஸ்க் என்று வைத்தால் இது நிறைவேறிவிடுகிறது.

1. கேபிளில் போனைக் கணினியோடு இணைத்து, போனில் வரும் அறிவிப்பில் ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ தேர்ந்தெடுங்கள். சார்ஜ் மட்டும் ஏறும் மலிவுக் கேபிளில் இது வராது.
2. டிசிஐஎம் ஃபோல்டருக்குள் கேமரா ஃபோல்டர் இருக்கும். ஒரேயடியாகப் பத்தாயிரம் படங்களை இழுக்காதீர்கள், பாதியில் தொங்கிவிடும். ஓராண்டுப் படங்களை ஒரு தடவை என்று எடுங்கள்.
3. ‘காப்பி’ மட்டும் செய்யுங்கள், ‘கட்’ வேண்டாம். கேபிள் ஆடினால் இரண்டு பக்கமும் இழப்பு.
4. முடிந்ததும் இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள்.

கணினி இல்லையா? டைப்-சி முனை கொண்ட, போனிலேயே நேராகச் செருகும் ஓடிஜி பென்டிரைவ் போதும். அதை எக்ஸ்ஃபேட் வடிவில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பு ஏறாது, நீண்ட கல்யாண வீடியோ நின்றுவிடும். நம்ப முடியாத விலைக்கு விற்கும் ‘2 டிபி’ பென்டிரைவ்கள் போலி. கொள்ளளவு அதிகம் என்று காட்டிவிட்டு, நிரம்பிய பிறகு வருவதை அழித்துவிடும். பென்டிரைவை ஆண்டுக்கணக்கில் பூட்டி வைக்கவும் கூடாது, மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அதில் பதிந்தது மெல்ல மங்கும்.

படி 6: வாட்ஸ்அப்

எங்கள் வீட்டில் இழப்பு நேர்ந்த இடம் என்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன். வாட்ஸ்அப்பின் கூகுள் பேக்கப் முன்பு 15 ஜிபி கணக்கில் சேராமல் இருந்தது. 2023 டிசம்பரில் தொடங்கி 2024-இல் எல்லோருக்கும் அது சேர ஆரம்பித்தது. அதுவரை நன்றாக ஓடிய பேக்கப்கள், இடம் இல்லாமல் சத்தமின்றி நிற்கத் தொடங்கியதும் அப்போதுதான்.

வாட்ஸ்அப்பைத் திறந்து செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் என்று போங்கள். முதல் வரியில் ‘லாஸ்ட் பேக்கப்’ தேதி இருக்கும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு காரியம்தான் செய்வீர்கள் என்றால், இந்தத் தேதியைப் பாருங்கள். ‘லோக்கல்’ என்ற வரி நேற்றைய தேதியைக் காட்டும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது போனுக்குள்ளேயே இருக்கும் நகல். கூகுள் என்ற வரியின் தேதிதான் கணக்கு.

தேதி பழையதாக இருந்தால் காரணம் பெரும்பாலும் இடம்தான். ‘இன்க்ளூட் வீடியோஸ்’ என்பதை ஆஃப் செய்யுங்கள். பிறகு ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’, ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ என்று போனால் எந்தக் குழு எவ்வளவு அடைத்திருக்கிறது என்று வரிசையாகத் தெரியும். குடும்பக் குழுக்களின் ஃபார்வேர்டு வீடியோக்களை அங்கேயே கழித்துவிடலாம். அம்மாவின் கணக்கில் இதைச் செய்ததும் பேக்கப் மறுபடி ஓடியது.

2021 அக்டோபரில் வந்த ‘என்ட்-டு-என்ட் என்கிரிப்டட் பேக்கப்’, அதாவது உங்களைத் தவிர யாரும் திறக்க முடியாதபடி பூட்டிய பேக்கப், நல்லது, ஆனால் அதற்கு நீங்கள் போடும் கடவுச்சொல்லை அல்லது 64 இலக்கச் சாவியை மறந்தால் வாட்ஸ்அப்பாலும் திறக்க முடியாது. வயதானவர்களின் போனில் ஆன் செய்தால் சாவியைத் தாளில் எழுதிய பிறகே செய்யுங்கள்.

புது போனில் நிறுவும்போது அவசரம் கூடாது. அதே எண், அதே கூகுள் கணக்கு இரண்டும் முதலில் போனில் இருக்க வேண்டும். ‘ரிஸ்டோர்’ என்று கேட்கும் திரையில் ‘ஸ்கிப்’ அழுத்திவிட்டால், அன்றிரவே காலியான வாட்ஸ்அப் தன்னைப் பேக்கப் எடுத்துப் பழையதன் மேல் எழுதிவிடக்கூடும். தெரியாமல் அழுத்திவிட்டால் உடனே இணையத்தை அணைத்து, வாட்ஸ்அப்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள். பழைய போன் வேலை செய்கிறது என்றால் இந்த வழியே வேண்டாம். ‘டிரான்ஸ்ஃபர் சாட்ஸ்’ கொடுத்து க்யூஆர் கோடைக் காட்டினால் இரண்டு போனும் நேரடியாகப் பேசிக்கொள்ளும், 15 ஜிபி கணக்கே வராது.

குரல்களுக்கு நான் கூகுளை மட்டும் நம்புவதை விட்டுவிட்டேன். போனைக் கணினியில் இணைத்து ஆண்ட்ராய்டு, மீடியா, காம்.வாட்ஸ்அப், வாட்ஸ்அப், மீடியா என்று ஒவ்வொன்றாகத் திறந்தால் ‘வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்’ என்ற ஃபோல்டர் வரும். அதை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். ஓபஸ் என்ற வகைக் கோப்புகள் அவை, விஎல்சி பிளேயரில் ஓடும். கோப்புப் பெயரிலேயே ஆண்டு, மாதம், தேதி இருக்கும். யார் பேசியது என்பது மட்டும் இருக்காது. அதனால் மிகவும் வேண்டியவரின் குரலைச் சாட்டில் அழுத்திப் பிடித்து, ‘ஷேர்’ கொடுத்து, டிரைவில் அவர் பெயரிட்ட ஃபோல்டருக்கு அனுப்பிவிடுங்கள். அக்காவிடமிருந்து வந்த அந்த மூன்றும் அப்படித்தான் இருக்கின்றன. ஒன்றில் அப்பா, “பஸ் ஏறிட்டேன், ரசம் மட்டும் வை” என்கிறார். பதினோரு விநாடி.

படி 7: ஓடிபி தரும் செயலிகள்

கணக்குகளில் நுழையும்போது கேட்கும் எண்ணைப் போனிலேயே உருவாக்கித் தரும் கூகுள் ஆதென்டிகேட்டரில், 2023 ஏப்ரலில் கூகுள் கணக்கோடு இணைக்கும் வசதி வந்தது. மேலே மூலையில் மேகக் குறி பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கில் ஏற்ற விரும்பாதவர்கள் ஏஜிஸ் என்ற இலவச, திறந்த மூலச் செயலியில் வைத்து, கடவுச்சொல்லோடு கோப்பாக எக்ஸ்போர்ட் செய்யலாம்.

வேறு சில மென்பொருள்கள்: போனுக்கும் கணினிக்கும் வைஃபையில் கோப்பு மாற்ற லோக்கல்சென்ட், இரண்டு ஆண்ட்ராய்டுகளுக்கு இடையே குயிக் ஷேர், குறுஞ்செய்திகளை மட்டும் தனிக் கோப்பாக எடுக்க ‘எஸ்எம்எஸ் பேக்கப் அண்ட் ரிஸ்டோர்’, சாம்சங்காரர்களுக்கு ஸ்மார்ட் ஸ்விட்ச். ‘அழிந்த படங்களை மீட்போம்’ என்னும் ஆப்களை நிறுவாதீர்கள். பெரும்பாலானவை போனில் எஞ்சியிருக்கும் சிறு முன்னோட்டப் படங்களைக் காட்டிக் காசு கேட்கும். கல்யாணப் பத்திரிகை என்றோ போக்குவரத்து அபராதம் என்றோ வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது ஆப்பை நிறுவும் கோப்பை, எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம்.

படி 8: தொலைந்தால்

இன்றே *#06# தட்டி, வரும் ஐஎம்இஐ எண்களை, அதாவது உங்கள் போனுக்கே உரிய அடையாள எண்களை, தாளில் எழுதுங்கள். தொலைந்த அன்று வரிசை இது: சிம்மை பிளாக் செய்யுங்கள், கூகுளின் ‘ஃபைண்ட் ஹப்’பில் போனைப் பூட்டுங்கள், காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள், பிறகு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐயை முடக்கக் கோருங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும்.

படி 9: ஒத்திகை

ஈபி பில் கட்டும் நாளில், அதாவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, வாட்ஸ்அப் தேதியையும் போட்டோஸில் ‘பேக்கப் கம்ப்ளீட்’ என்ற சொல்லையும் பார்க்கிறேன். இரண்டு நிமிட வேலை. ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் அரை மணி நேரம் ஒதுக்கி முழு ஒத்திகை. வீட்டில் கிடக்கும் பழைய போனை ரீசெட் செய்து, தாளில் இருப்பதை மட்டும் வைத்து உள்ளே நுழையப் பாருங்கள். பிறகு ஐந்து பொருட்களைத் தேடி எடுங்கள்: ஒரு நம்பர், மூன்று வருடம் முந்தைய ஒரு படம், போன வாரம் எழுதிய ஒரு குறிப்பு, ஒரு ஓடிபி, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஒரு குரல். வாட்ஸ்அப்பை மட்டும் இந்தப் பழைய போனில் போட்டுப் பார்க்க வேண்டாம், அன்றாடப் போனில் அது வெளியேறிவிடும். தேதியும் கோப்பின் அளவும் போதும்.

முதல் ஒத்திகையில் எனக்கு இரண்டு இடத்தில் சிக்கியது. தாளில் எழுதியிருந்த அம்மாவின் பின் பழையது. ஹார்ட் டிஸ்க்கில் 2019 ஃபோல்டரைத் திறந்தால் ஜூலையோடு படங்கள் முடிந்திருந்தன. காப்பி செய்தபோது பாதியில் நின்றதை நான் கவனிக்கவில்லை. போனில் அவை இன்னும் இருந்ததால் அன்று மாலையே மீதியை ஏற்றி, எண்ணிக்கையைச் சரிபார்த்து, தாளின் அடியில் தேதி போட்டேன். உங்கள் தாளிலும் அந்தத் தேதிக்கு ஓர் இடம் விட்டு வையுங்கள்.